பர்ன் அப்: எரிந்து போவதா, எரிச்சலா, காய்ச்சலா?

சொல்தேடி

எல்லோருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே பாகத்தில் 'பர்ன் அப்' மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் மூன்று விதம்.

முதல் இடத்தில் ஒரு பெண் பழைய கடிதக் கட்டைக் கணப்பில் போடுகிறாள். கடிதங்கள் எங்கே என்று கணவன் கேட்டதும், 'ஐ பர்ன்ட் தெம் ஆல் அப்' என்கிறாள். அன்றிரவே மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'யூ ஆர் பர்னிங் அப்' என்று பதறுகிறாள். மறுநாள் தங்கையிடம் போனில் பேசும்போது, 'இட் ரியலி பர்ன்ஸ் மீ அப் தட் ஹி நெவர் ஈவன் கால்ட்'. பையனுக்கு முடியவில்லை என்று தெரிந்தும் போன் பண்ணாத அண்ணனைப் பற்றிய பேச்சு.

முதல் இரண்டையும் காட்சியே சொல்லிவிடுகிறது. மூன்றாவதில்தான் நிற்கிறேன். அகராதி 'கோபமூட்டு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, பேச்சு வழக்கு என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறது. எவ்வளவு கோபம்? கத்துகிற கோபமா, உள்ளுக்குள் புகைகிற கோபமா? அதே பதிவில் 'வண்டியை வேகமாக ஓட்டு' என்றும் ஒரு பொருள் இருக்கிறது. ஒரே வினையில் இத்தனையும் எப்படி வந்து சேர்ந்தன? மனப்பாடம் பண்ணாமல் புரிந்துகொண்டு எழுத வேண்டும் என்று ஆசை.

பழையபேனா

நல்ல கேள்வி, சொல்தேடி. வகுப்பில் இந்த மாதிரி வினைகளைப் பட்டியலாகக் கொடுத்தால் பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதனால் நான் வேறு வழியில் சொல்லிக்கொடுப்பேன்: எரிந்த பிறகு என்ன மிச்சம் என்று பாருங்கள்.

கடிதத்தைக் கணப்பில் போடுகிறோம். ஓரம் பழுப்பாகிச் சுருளும், நடுவில் கறுப்பு பரவும், எழுத்து ஒரு நொடி வெள்ளி நிறத்தில் மின்னும், அப்புறம் தாளே உதிர்ந்துவிடும். எடுத்துப் படிக்க ஒரு வரி கிடைக்காது. அதுதான் பர்ன் அப். வெறும் 'பர்ன்' என்றால் கடிதத்தின் ஒரு மூலை மட்டும் கருகியிருக்கலாம். 'அப்' சேர்ந்தால் முழுக்கத் தீர்ந்தது. ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப், டிரை அப் எல்லாவற்றிலும் இந்த 'அப்' இதே வேலையைத்தான் செய்கிறது. மேலே போவதற்கும் அதற்கும் அங்கே சம்பந்தம் இல்லை.

வீடு எரிந்தால் பர்ன் டவுன். நின்றுகொண்டிருந்தது தரைமட்டமாகிவிட்டது. கார் எரிந்து எலும்புக்கூடு மட்டும் ரோட்டில் நின்றால் பர்ன்ட் அவுட். உள்ளே இருந்தது போய் வெளிக்கூடு மிச்சம். மூடுபனி வெயில் ஏறியதும் பர்ன் ஆஃப் ஆகிறது. மேலே படிந்திருந்தது விலகி, கீழே இருந்த ஊர் அப்படியே தெரிகிறது. பழைய பெயின்ட்டை நெருப்பு காட்டி உரித்தாலும் பர்ன் ஆஃப்தான், கதவுக்கு ஒன்றும் ஆகாது. கையில் இருந்த பணத்தை மளமளவென்று செலவழித்தால் பர்ன் த்ரூ. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது, நடுவில் இருந்த கையிருப்பு போயிற்று.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி அகராதி தானாகவே திறந்துவிடும்.

நீலக்கோடு

ஐயா, வீடு 'பர்ன் அப்' ஆனாலும் 'பர்ன் டவுன்' ஆனாலும் ஒன்றுதானே? மேலும் கீழும் ஒரே பொருளா என்று ஆங்கிலத்தைக் கிண்டல் பண்ணும் ஒரு துணுக்கு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது.

பழையபேனா

துணுக்கு சுற்றுவது உண்மை. பொருள் ஒன்று என்பதுதான் சரியில்லை. கட்டடத்துக்கு இயல்பாக வருவது பர்ன் டவுன்தான். வீட்டுக்குள் இருந்த படம், துணிமணி, பத்திரம் எல்லாம் பர்ன் அப். 'தி ஹவுஸ் பர்ன்ட் டவுன் அண்ட் ஆல் அவர் போட்டோஸ் பர்ன்ட் அப்' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். இதையே திருப்பிப் போட்டு, போட்டோக்கள் 'பர்ன்ட் டவுன்' என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். போட்டோ நின்றுகொண்டிருக்கவில்லையே, விழுவதற்கு.

மெழுகுவர்த்தி மட்டும் கொஞ்சம் தனி. அது பர்ன் டவுன் ஆகும் என்றால் உயரம் குறைகிறது என்று பொருள், இடிந்து விழுவது இல்லை. ஆனால் அங்கேயும் 'டவுன்' கண்ணுக்குத் தெரிகிற இறக்கம்தான்.

வால்மீன்

வானியல் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எங்கள் செய்திகளில் 'பர்ன் அப்' தினசரிச் சொல். பேச்சு வழக்கு என்ற குறிப்பு இந்தப் பொருளுக்கு ஒட்டவே ஒட்டாது, அறிவியல் கட்டுரையிலும் தாராளமாக வரும்.

எரிகல் ஒன்று காற்று மண்டலத்துக்குள் பாயும்போது அதன் முன்னால் இருக்கும் காற்று அசுர வேகத்தில் நசுங்கிச் சூடேறுகிறது. உரசலைவிட இந்த நசுக்கம்தான் பெரும் சூட்டுக்குக் காரணம். ஏறக்குறைய 120 முதல் 80 கிலோமீட்டர் உயரத்துக்குள் பெரும்பாலான சின்னத் துகள்கள் உருகி ஆவியாகி இல்லாமல் போகின்றன. விறகு எரிவதுபோல் அங்கே எரிப்பு நடப்பதில்லை, ஆனாலும் ஆங்கிலம் 'பர்ன்ஸ் அப்' என்றே சொல்கிறது. பழையபேனா ஐயா சொன்ன மிச்சக் கணக்கு இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது: தரைக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பதுதான் அந்த 'அப்'.

2017 செப்டம்பர் 15 அன்று கசினி விண்கலத்தைச் சனிக் கோளின் காற்று மண்டலத்துக்குள் வேண்டுமென்றே இறக்கினார்கள். அது பர்ன்ட் அப், முழுதாகத் தீர்ந்தது. 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழுந்தபோது பல துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் தரையிறங்கின. ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தின் மிச்சம் 2001 மார்ச் 23 அன்று தென் பசிபிக் கடலில் விழுந்தது. இந்த இரண்டுக்கும் வெறுமனே 'பர்ன்ட் அப்' என்று எழுதினால் தகவல் பிழை. 'மோஸ்ட் ஆஃப் இட் பர்ன்ட் அப்' என்று எழுத வேண்டும், அல்லது உடைந்தது என்ற பொருளில் 'பிரோக் அப்'. மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். 'எரிந்து சாம்பலானது' என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே 'துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன' என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

காட்டுத்தும்பை

எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மிச்சக் கணக்கு நெருப்புக்குச் சரி. சொல்தேடி கேட்டது கோபம். 'பர்ன்ஸ் மீ அப்' என்கிற பெண் தீர்ந்துபோகவில்லை, சாம்பலாகவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். 'யூ ஆர் பர்னிங் அப்' என்று கேட்ட பையனும் படுக்கையில்தான் இருக்கிறான். எது தீர்ந்தது அங்கே?

என் பார்வையில் ஆங்கிலத்தில் 'அப்' இரண்டு இருக்கிறது. ஒன்று ஐயா சொன்ன 'முழுக்க'. இன்னொன்று 'ஏறுகிறது': ஹீட் அப், வார்ம் அப், ஸ்பீட் அப், ஃபயர் அப். காய்ச்சலும் கோபமும் இந்த இரண்டாவது வரிசையில் சேர வேண்டியவை. சூடு ஏறுகிறது, அவ்வளவுதான். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான், பர்ன் அப் தி ரோட் என்றால் வேகம் ஏறியது. இரண்டையும் ஒரே சாவியால் திறக்கப் பார்த்தால் பூட்டு நெளியும்.

பழையபேனா

காட்டுத்தும்பை, காய்ச்சலில் நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். அங்கே ஏற்றம்தான். அதனால்தான் அது எப்போதும் நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே வருகிறது. 'ஹி பர்ன்ட் அப் வித் ஃபீவர்' என்று முடிந்த காலத்தில் இயல்பாகச் சொல்ல மாட்டார்கள், 'வாஸ் பர்னிங் அப்' என்பார்கள். முழுக்கத் தீர்ந்த 'அப்' என்றால் முடிந்த காலம் தாராளமாக வர வேண்டும்.

கோபத்தில் மட்டும் விடமாட்டேன். 'இட் பர்ன்ஸ் மீ அப்' என்பதில் ஒரு தின்னுதல் இருக்கிறது. 'ஈட்டிங் மீ அப்' என்று சொல்கிறார்களே, கவலையோ குற்ற உணர்ச்சியோ ஆளை அரிக்கிறது என்ற பொருளில், அதன் பக்கத்து வீடு இது. நடந்த சங்கதி ஆளை உள்ளிருந்து எரிக்கிறது. அந்த 'அப்' வெப்பமானியில் ஏறுகிற 'அப்' என்று எனக்குத் தோன்றவில்லை. சாலைப் பொருளிலும் அப்படித்தான், ரோட்டையே தின்று தீர்ப்பதுபோல் ஓட்டுகிறான். தூரம் தீர்கிறது.

காட்டுத்தும்பை

ஈட் அப் வாதம் கொஞ்சம் ஆட்டிவைக்கிறது, யோசிக்கிறேன். சாலைக்கு அது பொருந்துகிறது என்று இப்போதே ஒப்புக்கொள்கிறேன்; 'ஈட் அப் தி மைல்ஸ்' என்றே ஒரு வழக்கு இருக்கிறது. ஆனால் சொல்தேடிக்கு நடைமுறையில் உதவப்போவது அந்தச் சிறு சொல்லின் வரலாறு இல்லை, வாக்கியத்தில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. கோபப் பொருளில் எழுவாய் பெரும்பாலும் ஒரு சங்கதி: அவன் நடந்துகொண்ட விதம், அந்தப் பேச்சு, 'இட்', 'தட்'. எரிபடுவது எப்போதும் ஓர் ஆள், அநேகமாக 'மீ'. 'இட் பர்ன்ஸ் மீ அப்' என்றால் நெருப்பு இல்லை என்று உடனே தெரிந்துவிடும். அதையே 'ஹி பர்ன்ட் அப் மை பிரதர்' என்று மாற்றிப் பாருங்கள், தம்பிக்குத் தீ வைத்துவிட்டானா என்று பயந்துபோவார்கள்.

இரவுப்பணி

நான் நர்ஸ். வெளிநாட்டவர் நிறைய வரும் வார்டில் இருப்பதால் இந்தச் சொற்கள் எனக்குப் பாடப்புத்தகத்தில் இல்லை, கையிலேயே இருக்கின்றன. ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் குழம்பினால் ஆபத்து.

நோயாளி 'ஐ ஆம் பர்னிங் அப்' என்றால் உடம்பு சுடுகிறது. வெப்பமானியை எடுக்க வேண்டும். 'இட் பர்ன்ஸ்' என்று மட்டும் சொன்னால் அது எரிச்சல் வலி: ஊசி போட்ட இடமா, நெஞ்சா, சிறுநீர் போகும்போதா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன 'அப்'தான் வித்தியாசம். அதே நோயாளி 'வாட் பர்ன்ஸ் மீ அப் இஸ்' என்று தொடங்கினால் மருந்தும் வேண்டாம், மானியும் வேண்டாம். ரொம்ப நேரமாக யாரும் வந்து பார்க்கவில்லை என்ற மனக்குறை அடுத்து வரும், உட்கார்ந்து கேட்க வேண்டும்.

காய்ச்சல் பொருளில் இது வீட்டார் சொல்லும் வார்த்தை. நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு, சட்டென்று கையை எடுப்பார்களே, அந்த நொடியில் வாயில் வருவது. குறிப்பேட்டில் நாங்கள் அப்படி எழுத மாட்டோம், 39.4 என்று எண் போடுவோம். அதனால் சொல்தேடி, உங்கள் வரியில் 'உனக்குக் கடுமையான காய்ச்சல்' என்று போட்டுவிடாதீர்கள். அது டாக்டர் பேச்சு. அம்மா சொல்வது 'உடம்பு அனலா கொதிக்குதே!'

தொடரடி

எரிச்சல் என்று இரவுப்பணி அக்கா சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். உடம்பில் எரிவதும் எரிச்சல், மனதில் எரிவதும் எரிச்சல், வயிற்றில் எரிவதற்கு இன்னொரு கதை. கோபத்தை நெருப்பாகப் பார்ப்பதில் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நமக்குச் சிக்கல் 'பர்ன்'-இல் இல்லை, 'அப்'-இல்தான். ஆனால் அதற்கும் நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது: துணைவினை.

எரிந்தது என்பது ஒரு செய்தி. எரிந்துவிட்டது, முடிந்தது. எரிந்துபோச்சு, இனிக் கிடைக்காது என்ற வருத்தம் அதில் உண்டு. எரித்துத் தள்ளினான், கணக்கு வழக்கில்லாமல். எரிந்து அடங்கியது, தானாகவே ஓய்ந்தது. விடு, போ, தள்ளு, அடங்கு ஆகியவற்றுக்குத் தனியாக உள்ள பொருள் இங்கே கரைந்து, முதல் வினை எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வந்துவிட்டன. அப், டவுன், அவுட் செய்வதும் இதே வேலை. அவர்கள் திசைச் சொல்லை வைத்துச் செய்கிறார்கள், நாம் இன்னொரு வினையை வைத்துச் செய்கிறோம். 'ஐ பர்ன்ட் தெம் ஆல் அப்' என்பதற்கு 'எல்லாத்தையும் எரிச்சுட்டேன்' என்றால் போதும். அந்த '-ட்டேன்' தான் அப். 'முழுவதுமாக' என்று ஒரு சொல்லைத் தனியே சேர்த்தால் வரி கனக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. 'எரிந்து விழுந்தான்' என்று நாம் சொல்கிறோம். தமிழ் கற்கும் ஒரு வெளியாள் அதைச் சொல் சொல்லாகப் பெயர்த்தால் ஒரு கட்டடம் பர்ன் டவுன் ஆனது என்றே நினைப்பார். நமக்கோ அது சிடுசிடுப்பு, இன்னொருவர் மேல் பாய்வது. எரிவதும் விழுவதும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறந்திருக்கிறது. ஆங்கிலக் கூட்டுவினை நம்மைப் படுத்துகிற பாட்டை நம் 'எரிந்து விழு' அவர்களைப் படுத்தும்.

சொல்தேடி

தொடரடி, இதைப் படித்ததும் ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கிறது. அப்படியானால் 'பர்ன்ஸ் மீ அப்' என்பதற்கு 'எரிந்து விழு' பக்கத்தில் போகலாமா?

தொடரடி

கூடாது. திசை வேறு. எரிந்து விழுகிறவர் வெளியே கொட்டிவிட்டார், எதிரில் ஒருவர் வாங்கிக்கட்டிக்கொண்டார். அதற்கு ஆங்கிலத்தில் 'பிளோ அப்' அல்லது 'ஸ்னாப் அட்' கிட்டே வரும். 'பர்ன்ஸ் மீ அப்' உள்ளேயே எரிவது. சம்பந்தப்பட்ட அண்ணனிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள், தங்கையிடம்தான் கொட்டுகிறாள். அமெரிக்கர்கள் 'ஸ்லோ பர்ன்' என்று ஒன்றைச் சொல்வார்கள். 1930-களில் எட்கர் கென்னடி என்ற நகைச்சுவை நடிகர் அதற்குப் பேர்போனவர், முகத்தில் கையை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். அந்தக் குடும்பத்துச் சொல் இது.

நீலக்கோடு

'வயிறு எரியுது' போடலாமே?

காட்டுத்தும்பை

வேண்டாம் நீலக்கோடு. வயிறு எரிவதில் ஒன்று பொறாமை இருக்கும், இல்லாவிட்டால் அநியாயத்தைப் பார்த்துச் சாபம் விடுகிற ஆற்றாமை இருக்கும். அண்ணன் போன் பண்ணாததற்கு வயிறு எரிந்தால் கொஞ்சம் அதிகம். 'பர்ன்ஸ் மீ அப்' அன்றாடக் கோபம்: அநியாயம் என்ற எண்ணமும் வேண்டும், ஆனால் அழுகை வரை போகக் கூடாது. என் வாயில் உடனே வருவது 'பத்திக்கிட்டு வருது'. 'நினைச்சாலே பத்திக்கிட்டு வருது' என்று சொல்லிப் பாருங்கள். நெருப்பு இருக்கிறது, உள்ளே ஏறுகிறது, இன்னும் யார் மேலும் பாயவில்லை, பேச்சு வழக்கும்கூட.

பழையபேனா

அருமை. இதைவிட நெருக்கமாக வராது. அதோடு அந்த 'வருது' பாருங்கள், உங்கள் ஏறுகிற 'அப்'-ஐயும் கொண்டுவந்துவிட்டது. கோபத்திலும் ஏற்றம் இருக்கிறது என்ற உங்கள் பக்கத்துக்கு இதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

சொல்தேடிக்கு ஒரு கூடுதல் குறிப்பு. இந்தக் கோபப் பொருள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. பாத்திரம் பிரிட்டன்காரராக இருந்தால் அவர் வாயில் 'வைண்ட்ஸ் மீ அப்' வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலேயேகூட இளைய பாத்திரம் ஒன்று இதைச் சொன்னால் கொஞ்சம் பெரியவர் பேச்சுபோல் கேட்கும். அலுவலகக் கடிதத்தில் எழுதக் கூடாது. நெருங்கியவரிடம், சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் இல்லாதபோது சொல்வது.

மூன்றாம்பாலம்

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் 'ஐ ஆம் பர்ன்ட் அப்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன், சொல்ல வந்தது 'பர்ன்ட் அவுட்'. மேலாளர் அமெரிக்கராக இருந்தால் 'நான் கடுப்பில் இருக்கிறேன்' என்று படிப்பார். விடுப்பு கேட்கப் போனவர் சண்டைக்கு வந்தவர்போல் ஆகிவிடும். பர்ன்ட் அவுட் என்றால் சக்தியெல்லாம் தீர்ந்து வெறும் கூடாக நிற்பது, ஐயா சொன்ன எரிந்த கார்போல்.

இந்தச் சொல்லை 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர் இலவச மருத்துவ மையங்களில் உழைத்துக் களைத்த ஊழியர்களைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். அதன்பின் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் கேள்வித்தாளையே உருவாக்கினார். உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஐ.சி.டி.-11 என்ற தன் நோய் வகைப்பாட்டில் அதைத் தொழில் சார்ந்த நிலை என்று விவரித்தது, நோய் என்று சேர்க்கவில்லை. இவ்வளவு கனமான ஒன்றைச் சொல்லும்போது ஒரு சின்ன சொல் மாறி, கோபமாகப் போய்விடக் கூடாது. உதவி கேட்கிறவர் பேச்சு சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உச்சரிப்பும் கவனியுங்கள். வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'அவுட்'டில் விழும், பெயராகச் சொல்லும்போது 'பர்ன்'-இல் விழும், எழுதும்போதும் பெயர்ச்சொல் ஒட்டிவரும்.

இன்னொன்று, எங்கள் வேலையில் அப்பும் டவுனும் உண்மையாகவே திசைதான். பர்ன் டவுன் சார்ட்டில் மிச்சமுள்ள வேலை நாளுக்கு நாள் கோடாகக் கீழே இறங்கும், பர்ன் அப் சார்ட்டில் முடித்த வேலை மேலே ஏறி மொத்த அளவைத் தொடப் பார்க்கும். இங்கே யாரும் கோபப்படவும் இல்லை, எதுவும் எரியவும் இல்லை.

ஈயக்குண்டு

அணு உலைத் துறையிலும் 'பர்னப்' ஒரு சொல். எரிபொருளிலிருந்து எவ்வளவு ஆற்றல் எடுத்தோம் என்ற கணக்கு, ஒரு டன் யுரேனியத்துக்கு இத்தனை ஜிகாவாட்-நாள் என்று எழுதுவோம். வேதிமுறையில் எதுவும் எரிவதில்லை, அணுக்கள் பிளக்கின்றன. பெயர் மட்டும் நெருப்பிலிருந்து வந்தது. இதை 'எரிந்து போதல்' என்று மொழிபெயர்த்த ஒரு கையேட்டைப் பார்த்திருக்கிறேன், விபத்து நடந்ததுபோல் இருந்தது. 'எரிபொருள் பயன்பாட்டளவு' என்று வெளிப்படையாகச் சொன்னால் குழப்பம் இல்லை.

நீலக்கோடு

கடைசியாக ஓர் இலக்கணச் சந்தேகம். 'பர்ன் அப் தி லெட்டர்ஸ்', 'பர்ன் தி லெட்டர்ஸ் அப்' இரண்டும் சரியா?

பழையபேனா

இரண்டும் சரி. ஆனால் பெயர்ச்சொல்லுக்குப் பதில் 'தெம்', 'இட்', 'மீ' வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'பர்ன் தெம் அப்' சரி, 'பர்ன் அப் தெம்' வராது. கோபப் பொருளில் பெரும்பாலும் 'மீ' வருவதால் அது எப்போதும் பிளந்த வடிவத்திலேயே காதில் விழும். எரிகல்லும் காய்ச்சலும் செயப்படுபொருள் இல்லாமல் தனியே நிற்பவை, அங்கே பிளக்க ஒன்றும் இல்லை. பர்ன்ட் (burnt), பர்ன்டு (burned) என்று கடந்த காலத்துக்கு இரண்டு வடிவம் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பொருள் மாறாது. அமெரிக்கர்கள் வினைக்கு இரண்டாவதை அதிகம் எழுதுவார்கள்.

பணத்துக்கு மட்டும் ஒரு வரி. பர்ன் த்ரூ என்று வந்தால் 'காசைக் கரியாக்கினான்' என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் சம்பளமும் வாடகையும் கட்டியே ஒரு நிறுவனத்தின் கையிருப்பு கரைந்தால் 'கரியாக்கினார்கள்' என்பது குற்றச்சாட்டாகிவிடும், அங்கே 'கரைந்தது' போதும். ஆங்கிலத்தில் வீண் என்ற தொனி சில சமயம்தான் இருக்கும், நம் கரியில் அது எப்போதும் உண்டு.

சொல்தேடி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வரியும் இப்படி முடிவாகியிருக்கிறது.

கணப்பருகே: 'எல்லாத்தையும் எரிச்சுட்டேன்.'

கட்டிலருகே: 'ஐயோ, உடம்பு அனலா கொதிக்குதே!'

போனில்: 'ஒரு போன்கூடப் பண்ணலையே, நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.'

மூன்றாவதில் 'ரியலி'க்குத் தனியாகச் சொல் போடவில்லை, 'நினைச்சாலே' என்பதில் அது அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. திரையில் இடமும் அவ்வளவுதான்.

காட்டுத்தும்பை

அடங்கிவிட்டது. ஒரே ஒரு திருத்தம். ஆங்கிலத்தில் 'ஹி' இருக்கிறது, உங்கள் வரியில் அண்ணனைக் காணோம். தங்கைக்கு யாரைச் சொல்கிறாள் என்று தெரியும், பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? 'அண்ணன் ஒரு போன்கூடப் பண்ணலை, நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.' 'யே' போய்விட்டால் புலம்பல் குறைந்து கோபம் நிற்கும்.

சொல்தேடி

மாற்றிவிட்டேன். இதுவே போகட்டும்.